பிள்ளைகள் கையில் விளையாட்டுத் துப்பாக்கி



நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் முந்திய கிழமையிலே கல்முனைக் கடைத்தெருவால் ஒருமுறை நடந்து சென்றவர்கள் நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளைத் தாமே கண்டிருப்பார்கள். புத்தாடைக் கடைக்கும் பாதணிக் கடைக்கும் இடையிலே, நடைபாதையில் விரித்த படங்கின் மேல், விளையாட்டுப் பொருள்கள் குவிந்து கிடக்கும். பாவைகளும் பந்துகளும் சிறு வாகனங்களும் அங்கே உண்டு. ஆயினும் எல்லாவற்றுக்கும் மேலே கயிற்றிற் கட்டித் தொங்கவிடப்பட்டிருப்பவை துப்பாக்கிகளே. வெடிச்சத்தம் எழுப்புவன, சிவப்பு விளக்கு எரிவன, சிறு பிளாஸ்டிக் குண்டுகளைத் தெறிக்க விடுவன எனப் பலவகை. வாப்பாவும் மாமாவும் மூத்தப்பாவும் கொடுத்த பெருநாட் காசு கையில் ஏறியதும், ஐந்து வயதுச் சிறுவன் நேரே அவ்விடத்துக்குத்தான் ஓடுகின்றான். பெருநாட் தொழுகை முடிந்து மக்கள் ஒருவரையொருவர் தழுவி வாழ்த்துக் கூறிக்கொண்டிருக்கும் அதே வேளையில், ஒழுங்கைக்குள்ளே, "சுட்டுப்போட்டன்! நீ மவுத்து! விழு!" என்ற கூச்சலும் கேட்கின்றது.

இது நல்லதா, தீயதா? பெற்றோர் பலர் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதுண்டு. "பிள்ளை நாளைக்கு முரடனாகி விடுவானோ?" என்று அஞ்சும் தாய்மாரும் உளர். "ஆண்பிள்ளை என்றால் அப்படித்தான், விடுங்கள், சேர்" என்று சிரித்துக்கொண்டு போகும் தந்தையரும் உளர். இவ்விரு கூற்றுக்கும் இடையிலே உண்மை எங்கே நிற்கின்றது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குழந்தையும் ஆயுதமும் ஒருங்கு சேர்வது இன்று நேற்று ஏற்பட்ட புதுமையன்று. பண்டைத் தமிழர் தம் குழந்தைகளின் கழுத்திலே ஐம்படைத்தாலி என்னும் அணியைப் பூட்டினர். சங்கு, சக்கரம், கதை, வாள், வில் என்னும் ஐந்து படைக்கலங்களின் சிறு வடிவங்களைக் கோத்த காப்பணி அது. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் மூன்று சில்லுப் பூண்ட சிறுதேர் உருட்டி விளையாடியதைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. தேர் அக்காலத்துப் படையின் ஓர் உறுப்பு. எமது கரையோரத்து முஸ்லிம் ஊர்களிலே பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் ஆடப்பட்டுவந்த பொல்லடியும் சிலம்படியும் போர்க்கலையின் சாயலுடையனவே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்திலே, ஒரு பெருநாளன்று, அபிசீனியர் மதீனாப் பள்ளிவாசலில் ஈட்டி கொண்டு விளையாட்டுக் காட்டியதையும், நாயகம் அவர்கள் அதனைத் தடுக்காது தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்கள் கண்டு களிக்க இடமளித்ததையும் ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. ஆகவே படைக்கலத்தின் சாயலுள்ள விளையாட்டு யாவும் தீது என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது.

கடையில் வாங்கும் துப்பாக்கி கிடைக்காவிட்டாலும் பிள்ளைகள் வாளாவிருப்பதில்லை என்பதும் ஆசிரியர் அனைவரும் அறிந்ததே. காலையிலே துடுப்பாட்ட மட்டையாக இருந்த தென்னை மட்டை மாலையிலே துப்பாக்கியாகி விடுகின்றது. அடிமட்டம் வாளாகின்றது. ஒன்றுமே இல்லாவிடின் சுட்டுவிரலும் பெருவிரலும் போதும். பாடசாலையிலே "துப்பாக்கி விளையாட்டுக் கூடாது" என்று கட்டளையிட்டுப் பாருங்கள். மறுநாள் ஒரு சிறுவன் கையில் வளைந்த தடியோடு நிற்பான். "அது என்ன, மகன்?" என்று கேட்டால், "இது துவக்கு இல்லை சேர், தண்ணிக் குழாய்" என்று கண்ணிமைக்காமற் சொல்லுவான். நாம் திரும்பியதும் அந்தத் தண்ணீர்க் குழாயிலிருந்து "டும், டும்" என்ற ஓசை கிளம்பும். இங்கே கட்டளையால் நிகழ்ந்தது யாது? விளையாட்டு நிற்கவில்லை; பொய் ஒன்று புதிதாகப் பிறந்திருக்கின்றது.

அப்படியாயின் விளையாட்டுச் சண்டை மெய்ச் சண்டைக்கு வித்தாகுமா? பிள்ளைகளின் விளையாட்டை ஆண்டுக்கணக்காக உற்றுநோக்கிய அறிஞர்கள் இரண்டுக்குமுள்ள வேறுபாட்டைத் தெளிவாக வகுத்துள்ளனர். அதனை எந்தப் பெற்றோரும் தம் வீட்டு முற்றத்திலே கண்டறியலாம்.

விளையாட்டுச் சண்டையிலே முகம் மலர்ந்திருக்கும், சிரிப்பு இருக்கும். வலியவன் வேண்டுமென்றே தோற்றுக் கொடுப்பான். சற்று முன்னர்ச் சுட்டவன் இப்போது சுடப்பட்டு விழுவான். கள்ளன் பொலிசாவான், பொலிஸ் கள்ளனாவான். அடி ஓங்கும், ஆனால் விழாது. விழுந்தாலும் மெல்ல விழும். ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் கலைந்து போகமாட்டார்கள். ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் போவார்கள். மெய்ச் சண்டையிலோ முகம் இறுகியிருக்கும். ஒருவனே எப்போதும் அடிப்பான். ஒருவனே எப்போதும் அடிபடுவான். முடிந்ததும் ஒருவன் அழுதுகொண்டு ஒரு பக்கம் போவான். மற்றவன் வேறு பக்கம் போவான். முன்னையதிலே பிள்ளை தன் வலிமையை அடக்கியாளப் பழகுகின்றான். "இவ்வளவு அடித்தால் நண்பனுக்கு நோகும், இவ்வளவோடு நிறுத்த வேண்டும்" என்னும் அளவறிவு அங்கேதான் கிடைக்கின்றது. பின்னையதிலே கற்பது வன்மம் ஒன்றே. தூரத்திலிருந்து பார்ப்போர்க்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். கிட்டச் சென்று முகத்தைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

இவ்விடத்தில் வேறொரு சோதனையையும் குறிப்பிடுதல் பொருந்தும். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் அல்பேர்ட் பண்டூரா என்னும் உளவியல் அறிஞரும் அவருடைய துணைவர்களும் 1961 ஆம் ஆண்டிலே ஓர் ஆய்வை வெளியிட்டனர். மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்ட 72 பிள்ளைகள் அதிற் பங்குபற்றினர். அவர்களுள் ஒரு பகுதியினர், வளர்ந்த ஒருவர் காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்றைச் சுத்தியலால் அடித்தும் உதைத்தும் ஏசியும் நடந்துகொள்வதைப் பார்த்தனர். இன்னொரு பகுதியினர், வளர்ந்தவர் அமைதியாக விளையாடுவதைப் பார்த்தனர். மூன்றாம் பகுதியினர் எவரையும் பார்க்கவில்லை. பின்னர்ப் பிள்ளைகளை அதே பொம்மையோடு விட்டபோது, முரட்டுத்தனத்தைப் பார்த்த பிள்ளைகள் அவர் அடித்தவாறே அடித்தனர். அவர் சொன்ன சொற்களையே சொன்னார்கள். இந்தச் சோதனையைக் காட்டி விளையாட்டுத் துப்பாக்கியைக் குற்றஞ் சாட்டுவாரும் உளர். ஆனால் அது எமக்குச் சொல்லும் செய்தி வேறு. பொம்மையும் சுத்தியலும் மூன்று பகுதியினர்க்கும் பொதுவாகவே இருந்தன. வேறுபட்டது பெரியவரின் நடத்தை. பிள்ளை பெரும்பாலும் பொருளிலிருந்து கற்பதில்லை, எம்மிடமிருந்தே கற்கின்றது. வீட்டிலே உம்மாவை நோக்கிக் கை ஓங்கும் தந்தை, பிள்ளையின் கையிலுள்ள பிளாஸ்டிக் துப்பாக்கியைப் பறித்து எறிவதாற் பயனென்ன?

இனி, எமது மாவட்டத்தின் நிலைக்கு வருவோம். பிற நாட்டார் எழுதிய நூல்களிலே விளையாட்டுத் துப்பாக்கி என்பது பெரும்பாலும் கற்பனைப் பொருள். அந்தப் பிள்ளைகள் மெய்யான துவக்கைத் திரையில் மட்டுமே கண்டவர்கள். எம்மவர் நிலை அதுவன்று. கால் நூற்றாண்டுக்கு மேலாக நீடித்து 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்ற போரின் நடுவே எமது பிள்ளைகள் பிறந்தனர், வளர்ந்தனர். சோதனைச் சாவடியைக் கடந்தே பாடசாலைக்கு வந்தனர். சதங்கையைக் கழற்றிவிட்டு வீரக்கழல் அணிந்து போர்க்களம் புகுந்த இளஞ்சிறுவனாகிய பாண்டியன் நெடுஞ்செழியனைப் புறநானூற்றுப் புலவர் வியந்து பாடினார். அதனைப் படித்து மகிழ்ந்த எமது தலைமுறையே, இந்தக் கிழக்கு மாகாணத்திற் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் ஆயுதம் ஏந்த வைக்கப்பட்டதையும், அவர்களின் தாய்மார் மகனைத் தேடித் தெருத்தெருவாக அலைந்ததையும் கண்டது. இலங்கை 2006 ஆம் ஆண்டிலே தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்திப் பிள்ளைகளை ஆயுத மோதலுக்குச் சேர்ப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் அவ்வாறு செய்ய வேண்டியிருந்த நாட்டிலே, துப்பாக்கி என்பது பிள்ளைக்கு வெறும் விளையாட்டுப் பொருளாக மட்டும் இருத்தல் அரிது.

ஆயினும், துன்பத்தைக் கண்ட பிள்ளை அத்துன்பத்தையே விளையாடுவதைக் கண்டு நாம் அஞ்சவேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது இலண்டன் மாநகர் மீது குண்டுகள் விழுந்த நாள்களில், அன்னா பிராய்ட் அம்மையாரும் டொரதி பேர்லிங்ஹம் அம்மையாரும் ஹம்ஸ்டெட் என்னுமிடத்திலே குழந்தைகளுக்கான இல்லங்களை நடத்தினர். அங்கே கண்டவற்றை 1943 ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்டனர். பிள்ளைகள் குண்டுவீச்சையே விளையாட்டாக்கினர். வீடு கட்டி இடித்தனர். குண்டுவீச்சிலே தந்தையை இழந்த ஒரு சிறுவனின் விளையாட்டை அவர்கள் சிறப்பாக எடுத்துரைத்தனர். அவனுடைய ஆட்டத்தில் மட்டும் வீட்டிலுள்ளோர் யாவரும் ஒவ்வொரு முறையும் உயிர் தப்பினர். தந்தையின் மரணத்தை ஏற்கமாட்டாத நெஞ்சு அவ்வாறு திரும்பத் திரும்ப விளையாடியது. தந்தை இறந்துவிட்டார் என்பதை வாய்விட்டுச் சொல்ல முடிந்த பின்னரே அவனுக்கு அந்த விளையாட்டு வேண்டியிராமற் போயிற்று.

எமது கரையிலும் இதனைக் கண்டோம். 2004 ஆம் ஆண்டு திசம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கியபோது, இந்நாட்டில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் எமது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பறிகொடுத்தோம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களிலே கரையோரத்துத் தெருக்கள் இருந்த இடம் தெரியாமற் போயின. சில கிழமைகளின் பின்னர், நலன்புரி முகாம்களின் முற்றங்களிலே பிள்ளைகள், "கடல் வருது, ஓடு!" என்று கத்திக்கொண்டு ஓடி விளையாடினர். பெரியவர்கள் சிலர் வெகுண்டு அவர்களை அடிக்கப் போயினர். அடித்திருத்தல் தகாது. அந்த ஓட்டத்திலே பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் கடலை வென்று மேட்டுக்கு ஏறினார்கள். உண்மையில் இயலாது போனதை விளையாட்டில் இயற்றிக் காட்டினார்கள்.

அவ்வாறாயின் எப்போது கவலைப்பட வேண்டும்? 1976 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள சௌசில்லா என்னும் ஊரில், 26 பிள்ளைகள் பாடசாலைப் பேருந்தோடு கடத்தப்பட்டு, நிலத்துக்கடியிற் புதைக்கப்பட்ட ஒரு வண்டிக்குள் அடைக்கப்பட்டனர். யாவரும் உயிர் தப்பினர். லெனோர் டெர் என்னும் மருத்துவர் அப்பிள்ளைகளைப் பின்னர் ஆராய்ந்து ஒரு வேறுபாட்டைக் காட்டினார். சாதாரண விளையாட்டு மாறிக்கொண்டே போகும், மகிழ்ச்சி தரும். அச்சத்திற் சிக்குண்ட விளையாட்டோ மாறுவதில்லை. ஒரே ஆட்டம், ஒரே சொல், ஒரே முடிவு. பிள்ளை விளையாடிக்கொண்டே இருக்கும், முகத்திற் சிரிப்பிராது, ஆறுதலும் பிறவாது. இத்தகைய விளையாட்டை உங்கள் பிள்ளையிடம் கண்டால், துப்பாக்கியைப் பறிப்பது மருந்தாகாது. அருகிலமர்ந்து, "உனக்கு எதற்குப் பயம், மகன்?" என்று கேளுங்கள். இரவில் அலறி எழுதல், படுக்கையை நனைத்தல், பேச்சுக் குறைதல் ஆகியனவும் கூடவே இருந்தால் வைத்தியசாலையின் உளநல வைத்தியரை நாடுவதற்கு வெட்கப்படாதீர்கள்.

இதனை இன்றும் வலியுறுத்தக் காரணம் உண்டு. 2019 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நிகழ்ந்த கொடுமையை அடுத்து, ஏப்ரல் 26 ஆம் நாள் இரவு சாய்ந்தமருதிலே ஒரு வீட்டில் சூட்டுச் சத்தமும் வெடிச்சத்தமும் எழுந்தன. அவ்வீட்டில் மாண்டவருள் குழந்தைகளும் இருந்தனர். தம்மை வளர்த்தோராலேயே சாவுக்கு இழுத்துச் செல்லப்பட்ட குழந்தைகள் அவர்கள். அன்றிரவு சுற்றுப்புற வீடுகளிலே கட்டிலுக்கடியிற் பதுங்கிக் கிடந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அவ்வாண்டுப் பெருநாளன்று எங்கள் அயலிலே ஒரு பேரன் புதுத் துவக்கைச் "சட சட" என்று இயக்க, கதவோரம் அமர்ந்திருந்த மூத்தம்மா தஸ்பீஹு மாலையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினார். பேரன் சிரித்தான். அவனுக்கு அது விளையாட்டு; அவருக்கு அது முப்பது ஆண்டுக் கால நினைவு. பிள்ளையின் விளையாட்டுக்கு உரிமை உண்டு. முதியவரின் அச்சத்துக்கும் மதிப்புண்டு. ஒருவரை விளையாட்டுக்காகவேனும் திடுக்கிடச் செய்தல் ஆகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த பண்பு. உறங்கிக் கிடந்த தோழரின் பொருளை வேடிக்கையாக எடுத்து அவரைத் திடுக்கிட வைத்தபோது நாயகம் அவர்கள் அதனைக் கண்டித்தார்கள் என அறிகின்றோம்.

உடலுக்கு வரும் தீங்கையும் மறத்தலாகாது. பிளாஸ்டிக் குண்டு தெறிக்கும் துப்பாக்கி விளையாட்டுப் பொருளன்று என்று துணிந்து கூறுவேன். ஆப்கானிஸ்தானில் 2015 ஆம் ஆண்டு நோன்புப் பெருநாட் காலத்திலே இத்தகைய துப்பாக்கிகளால் நூற்றுக்கு மேற்பட்டோர் கண்ணிற் காயமுற்றனர். அவர்களிற் பெரும்பாலோர் பிள்ளைகள். போரிலே தோய்ந்த அந்நாட்டின் அரசாங்கமே அவற்றைத் தடைசெய்து பறிமுதல் செய்யும்படி பொலிசாருக்குக் கட்டளையிட்டது. கண் ஒன்று போயின் மீளாது. மெய்த் துப்பாக்கியை அச்சொட்டாக ஒத்த பொம்மைகளால் வரும் தீங்கு இன்னொன்று. அமெரிக்காவிலே 1988 ஆம் ஆண்டுச் சட்டம் விளையாட்டுத் துப்பாக்கியின் முனையிற் செம்மஞ்சள் அடையாளம் வேண்டுமென விதித்தது. அவ்வாறிருந்தும், 2014 ஆம் ஆண்டு நவம்பரிலே கிளீவ்லாந்து நகரப் பூங்கா ஒன்றில் 12 வயதுச் சிறுவன் ஒருவன், அடையாளம் நீக்கப்பட்ட போலித் துப்பாக்கியோடு நின்றபோது, பொலிஸ் உத்தியோகத்தரின் சூட்டுக்கு இலக்காகி மாண்டான். கறுப்பு நிறமும் இரும்பின் பளபளப்பும் கொண்ட பொம்மையை வாங்கிக் கொடுக்கும் தந்தையர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

சுவீடன் நாட்டிலே 1979 ஆம் ஆண்டில், போர்க்கருவி வடிவான விளையாட்டுப் பொருள்களை விற்பதில்லை என்று வணிகரும் அரசும் உடன்பாடு செய்துகொண்டனர். அங்கே சட்டத்தின் கோலை விட வணிகரின் மனச்சான்றே முன்னின்றது. எமது கடைக்காரர்களும் சிந்திக்கலாம். குண்டு தெறிக்கும் பொருளைப் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு விற்பதில்லை என்று ஒரு தெருவின் வணிகர் ஒருங்கே தீர்மானித்தால், அதற்கு வர்த்தமானி அறிவித்தல் வேண்டியதில்லை. பள்ளிவாசல் நிருவாகத்தாரின் ஒரு வேண்டுகோள் போதும்.

நேயர்களே, இவை யாவற்றிலும் பார்க்க எனக்குப் பெரிதாகத் தோன்றும் ஆபத்து ஒன்று உண்டு. அது துப்பாக்கியில் இல்லை. துப்பாக்கி யாரை நோக்கி நீட்டப்படுகின்றது என்பதில் இருக்கின்றது.

பிள்ளைகளின் ஆட்டத்திலே எப்போதும் ஓர் எதிரி வேண்டும். எமது சிறுபராயத்திலே அந்த எதிரி கள்ளன், அல்லது பூதம். இன்று தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு வேற்றுக் கிரகத்து அரக்கன். இவற்றால் எவர்க்கும் தீங்கில்லை. கள்ளர் என்றொரு சாதியும் பூதம் என்றொரு கிராமமும் எமது அயலில் இல்லை. ஆனால் விளையாட்டு முற்றத்திலே நின்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். சிலவேளை எதிரியின் பெயராக ஓர் இனத்தின் பெயர் கேட்கும். பக்கத்து ஊரின் பெயர் கேட்கும். ஆறு வயதுப் பிள்ளை அந்தப் பெயரைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. இராச் சாப்பாட்டின்போது பெரியவர்கள் பேசியதிலிருந்து பொறுக்கியெடுத்துக்கொண்டு வந்திருக்கின்றது.

எமது கரையோரத்தின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். வடக்கேயிருந்து மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் ஒரே பெருந்தெருவிலே மணிகள்போலக் கோக்கப்பட்டுள்ளன. ஒன்றில் முஸ்லிம்கள், அடுத்ததிலே தமிழர், அதனையடுத்து மீண்டும் முஸ்லிம்கள். பேசும் மொழி ஒன்று. விளைச்சல் வயலும் மீன்பிடிக் கடலும் பொது. ஒருவரின் மாம்பழமும் மற்றவரின் வட்டிலப்பமும் வேலி தாண்டிச் சென்ற ஊர்கள் இவை. இதே மக்களிடையே 1990 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே நிகழ்ந்தவற்றை எவரும் மறக்கவில்லை. காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்றோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுட் சிறுவரும் இருந்தனர். அதே மாதத்திலே வீரமுனையில் தஞ்சம் புகுந்திருந்த தமிழ் மக்கள் கொல்லப்பட்டனர். இரு பக்கத்திலும் மாண்டோர் நிராயுதபாணிகள். அந்த வடு ஆறும் முன்னரே அதனைப் பிள்ளையின் விளையாட்டிலே நாம் ஏற்றிவிட்டால், பிளாஸ்டிக் துப்பாக்கி ஒரு நாள் உடைந்து குப்பைக்குப் போய்விடும். பெயர் மட்டும் நெஞ்சிலே தங்கிவிடும்.

எங்கள் பாடசாலையிலே முதலாம் தரப் பிள்ளைகள் ஓர் இடைவேளையின்போது இவ்வாறு அயலூர்ப் பெயரைச் சொல்லி விளையாடினர். வகுப்பாசிரியை அவர்களைத் தண்டிக்கவில்லை. அவர்கள் நடுவே சென்று, "அந்த ஊரிலேதான் எனக்குப் பாடஞ் சொல்லித்தந்த ரீச்சர் இருக்கிறார். நீங்கள் அவரையும் சுடப் போகிறீர்களா?" என்று மட்டும் கேட்டார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தனர். சிறிது நேரம் கூடிப் பேசினர். பின்னர் எதிரியை முதலையாக்கிக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தனர். முகமில்லாதவனையே சுட முடியும். முகம் தெரிந்ததும் விளையாட்டிற்கூடக் கை தயங்குகின்றது. எனது நீண்ட ஆசிரியப் பணியிலே இதனைக் காட்டிலும் சிறந்த பாடம் ஒன்றை நான் கண்டதில்லை.

போர் மும்முரமாக இருந்த 1996 ஆம் ஆண்டிலே, மட்டக்களப்பில் இயேசுசபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடா நாட்டு ஓவியர் போல் ஹோகன் அவர்களும் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்னும் விளையாட்டுச் சோலையை அமைத்தனர். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக மண்ணைப் பிசைந்தனர், ஓவியம் வரைந்தனர், கதை சொன்னார்கள், நடித்தனர். வெளியே துவக்குகள் நின்ற நாளிலே உள்ளே பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். பிள்ளைக்கு ஓய்வும் விளையாட்டும் உரிமை என்று ஐக்கிய நாடுகள் சபையின் 1989 ஆம் ஆண்டுச் சிறுவர் உரிமைச் சமவாயம் கூறுகின்றது. அவ்வுரிமை எத்தகைய பயன் தரும் என்பதற்கு எமது மாகாணத்திலேயே எழுந்த சான்று அது.

இனி நாம் செய்யத்தக்கவை யாவை? சுருக்கமாகச் சில கூறுவேன்.

வாங்குவதாயின், மெய்த் துப்பாக்கியை ஒத்ததையும் குண்டு தெறிப்பதையும் வாங்காதீர்கள். பிள்ளை தானே தடியாலும் காகிதத்தாலும் செய்துகொள்ளும் ஆயுதம் அவற்றினும் மேலானது. அதிலே கைத்திறனும் கற்பனையும் வளரும்.

ஆட்டத்துக்கு முறை ஒன்றைக் கற்பியுங்கள். விளையாட்டிற் சேராத எவரையும் நோக்கி ஆயுதத்தை நீட்டலாகாது. தொழுபவர், முதியவர், நோயாளர், கைக்குழந்தை ஆகியோர் அருகே அது கூடாது. "போதும்" என்று ஒருவன் சொன்னால் ஆட்டம் நிற்க வேண்டும். இவை புதிய விதிகள் அல்ல. சகோதரனை நோக்கி ஆயுதத்தைக் காட்டலாகாது என்றும், பள்ளிவாசலிலோ சந்தையிலோ அம்பு கொண்டு செல்பவர் எவர்க்கும் காயம் நேராதவாறு அதன் முனையைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். ஆயுதத்துக்கும் ஓர் ஒழுக்கம் உண்டென்பதை விளையாட்டிலேயே பழகுபவன் வளர்ந்த பின்னும் மறவான்.

ஆட்டத்தைத் திசை திருப்புங்கள். "சுடப்பட்டவனை யார் வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது?" என்று கேளுங்கள். உடனே ஒருவன் வைத்தியனாவான்; இருவர் வண்டியாவர். கிளித்தட்டும் ஒளித்துப் பிடித்தலும் பொல்லடியும் பிள்ளைகளுக்குத் தெரியாமற் போனது அவர்களின் குற்றமன்று. கற்பிக்க எமக்கு நேரமில்லாமற் போனதே காரணம். பொல்லடியிலே கையிற் பொல் உண்டு, ஓங்கலும் உண்டு, ஆயின் ஒருவன் பொல்லை மற்றவன் பொல் தாளத்தோடு சந்திக்க வேண்டும். தாளம் தவறினால் விரல் நோகும். அடிப்பதற்கும் இணங்குவதற்கும் இடையிலுள்ள நுட்பத்தை அதனைப்போல் எளிதிற் கற்பிக்கும் கலை வேறில்லை. ஊரிலே அதனை அறிந்த மூத்தவர்கள் இருக்கும்போதே எமது பாடசாலைகளுக்கு அழைத்தல் வேண்டும்.

இறுதியாக, எமது நாவைக் காத்தல் வேண்டும். பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கின்றது என்பதை மறந்து நாம் பேசும் ஒவ்வொரு சொல்லும் அதன் விளையாட்டிலே ஒரு பாத்திரமாகி விடுகின்றது. துப்பாக்கியைக் கடைக்காரர் விற்கின்றார். எதிரியை நாமே இலவசமாகக் கொடுக்கின்றோம். அந்தக் கொடையை நிறுத்திக்கொண்டால், பிள்ளையின் கையிலுள்ள தென்னை மட்டையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. அது நாளைக் காலையிலே மீண்டும் துடுப்பாட்ட மட்டையாகி விடும். பந்தை எறிய அடுத்த ஊர்ப் பிள்ளையும் வந்து நிற்பான்.